நாங்கள் கதவு மாற்றிய கதை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கட்டிய வீட்டில் கதவையும் ஜன்னலையும் மாற்றிப் பார் என்றும் ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும். சங்கத்து அன்பர்கள் பலர் குவார்ட்டர்ஸை விட்டுச் சொந்த வீட்டுக்குக் குடிபோகும் காலம் இது. பழைய வீடு வாங்குவோருக்கு இந்த வேலை என்றேனும் ஒரு நாள் வந்தே தீரும். ஆகவே, சென்ற கோடையில் எங்களுக்கு நேர்ந்ததை ஒளிவு மறைவின்றி எழுதுகிறோம். இதில் எங்கள் பெருமைக்குரிய பகுதி கொஞ்சமே. எனினும் பிறருக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

நாகபுரிக்கு வந்து எட்டு ஆண்டுகள் குவார்ட்டர்ஸில் இருந்த பின்னர், அஜனிக்குத் தெற்கே ஒரு பழைய வீட்டை வாங்கினோம். மூன்று அறைகள், முன்னால் ஒரு சிறு திண்ணை, பின்னால் ஒரு வேப்பமரம். கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலான வீடு. சுவர் உறுதியானது, தளம் ஒழுகவில்லை. கதவும் ஜன்னலும் மட்டும் மலிவான மரத்தில் செய்தவை. ஒரு நாள் வெள்ளிக்கிழமைக் கோலமிட்டு விட்டு நிலைக்கு மஞ்சள் பூச முனைந்த எங்கள் தாயார், திடுக்கிட்டுக் கையை இழுத்துக் கொண்டார்கள். விரல் மரத்துக்குள் போய்விட்டது! வெளியே வர்ணம் பூசிய தோல் இருந்தது. உள்ளே கரையான் மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்ற நிலைகளையும் தட்டிப் பார்த்தோம். நான்கில் ஒன்றுகூட "டக்" என்று ஒலிக்கவில்லை.

இந்த ஊரில் இப்படி நேர்ந்தது எங்களுக்கு வெட்கமாகவும் இருந்தது. நாகபுரி தேக்கு மரத்துக்குப் பேர்போன ஊர். இங்கே லகட்கஞ்ச் என்று ஒரு பேட்டையே இருக்கிறது. "லகட்" என்றால் மரம், "கஞ்ச்" என்றால் சந்தை. சந்திரபூர், கட்சிரோலி காடுகளின் தேக்கு பல்லார்ஷா மரக்கிடங்குக்கு வந்து நாடெங்கும் போகிறது. சென்னைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் நாம் கடந்து செல்லும் அதே பல்லார்ஷாதான். 2023ஆம் ஆண்டு தில்லியில் திறக்கப்பெற்ற புதிய பாராளுமன்றக் கட்டடத்துக்கும் நாகபுரித் தேக்கே சென்றது. அத்தகைய ஊரில் எங்கள் வீட்டு வாசலில் மட்டும் கரையான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

ரயில்வே ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினோம். நான்கு நிலைகள், நான்கு கதவுகள், ஐந்து ஜன்னல்கள் என்று பட்டியல் எழுதி மூன்று கண்ட்ராக்டர்களிடம் மதிப்புக் கேட்டோம். ஒருவர் ரூ. 1,10,000 என்றார், ஒருவர் ரூ. 1,40,000 என்றார், மற்றவர் ரூ. 1,75,000 என்றார். குறைவாகக் கேட்பவர் ஏமாற்றுவார், அதிகமாகக் கேட்பவர் கொள்ளையடிப்பார், நடுவில் நிற்பவரே யோக்கியர் என்று நடுத்தரக் குடும்பத்தாருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அந்த நம்பிக்கையின் பேரில் நடுவில் இருந்தவரையே அமர்த்தினோம்.

அவர் இனிமையாகப் பேசினார். மதிப்புத் தாளில் நிலைச்சட்டம் 5 அங்குலத்துக்கு 3 அங்குலம், தேக்கு, கன அடி ரூ. 3,800 என்றெல்லாம் தெளிவாக எழுதிக் கொடுத்தார். பாதிப் பணம் முன்பணம் என்றார். எண்ணிக் கொடுத்தோம். எந்த வேலை முடிந்தால் எவ்வளவு தருவது, எத்தனை நாளில் முடிப்பது, வேலையாட்களின் கூலி யார் பொறுப்பு என்று ஒரு வரிகூட நாங்கள் எழுதி வாங்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் எங்களுக்கு வேலையே கண்ட்ராக்டர் பில்களைச் சரிபார்ப்பதுதான். ஒரு சுவருக்கு வெள்ளையடித்தாலும் அளவுப் புத்தகத்தில் நீள அகலம் பதிவாக வேண்டும். பொறுப்புள்ள அதிகாரி கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே பணம். அதிலும் ஒரு பகுதியைப் பாதுகாப்பு வைப்பாகப் பிடித்துக்கொண்டு, குறித்த காலம் கழிந்த பின்னரே விடுவிப்போம். சர்க்காரின் பணத்துக்குப் பத்து ஆண்டுகளாக இந்தக் காவலைச் செய்து வந்த நாங்கள், கடன் வாங்கிய எங்கள் சொந்தப் பணத்துக்குச் செய்யவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்!

ஏப்ரல் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு கூலியாட்கள் வந்து வாசல் நிலையைப் பெயர்த்து எடுத்தார்கள். மாலைக்குள் புது மரம் வந்துவிடும் என்றார் கண்ட்ராக்டர். மரக்கிடங்கில் ரொக்கம் கேட்கிறார்கள் என்று சொல்லி மேலும் ரூ. 40,000 வாங்கிச் சென்றார். மாலையில் மரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தால் "வந்துகொண்டே இருக்கிறேன், சாஹேப்" என்பார். இப்படி ஆறு நாட்கள் கழிந்தன.

கதவில்லாத வீட்டில் ஆறு இரவுகள் கழிப்பது இன்னதென்று அனுபவித்தவர்களுக்கே தெரியும். வாசலில் ஒரு தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டோம். நகைகளை அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுத்து வைத்தோம். முறை வைத்து விழித்திருந்தோம். பகலில் அனல் காற்று தார்ப்பாயை அடித்துத் தள்ளும். தெரு மண் முழுவதும் கூடத்துக்கு வந்துவிடும். நாகபுரி வெயிலைப் பற்றி இங்குள்ள அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் 47 பாகையையும் தாண்டிய ஊர் இது. நான்காம் இரவு அடுத்த வீட்டு ஆசிரியர் தாமாகவே ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் போட்டுப் படுத்துக்கொண்டார். "எனக்கு எப்படியும் தூக்கம் வருவதில்லை, இங்கே விழித்திருந்தால் புண்ணியமாவது கிடைக்கும்" என்று சொன்னார். எழுபது வயதைக் கடந்த மராத்தியப் பெரியவர் அவர்.

ஏழாம் நாள் ஒரு கைவண்டியில் வாசல் நிலைக்குரிய மரமும், கூடவே ஒரு தச்சரும் அவருடைய மருமகனும் வந்து சேர்ந்தார்கள். தச்சர் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் ஜில்லாவைச் சேர்ந்தவர். ஐம்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். பையனுக்குப் பத்தொன்பது வயது. திண்ணையில் பலகையைப் போட்டு இழைக்கத் தொடங்கினார்கள்.

அந்த நாட்களில் எங்கள் தாயாருக்கு நல்ல பொழுதுபோக்குக் கிடைத்தது. மன்னார்குடியில் தச்சர்கள் வேலை செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். இந்தத் தச்சரோடு பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசி, ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் கேட்டார்கள். நம் "நிலை" அவருக்குச் "சௌகட்"; "கீல்" அவருக்குக் "கப்ஜா"; "இழைப்புளி" அவருக்கு "ரந்தா". ஒரே ஒரு சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றாக இருந்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நம் தச்சர்கள் "ஒரு நூல்" என்பார்கள் அல்லவா? இவர் அதை "ஏக் சூத்" என்றார். சூத் என்றாலும் நூல்தான். மராத்தியில் தச்சருக்குச் "சுதார்" என்று பெயர் வந்ததும் நூலைப் பிடிப்பவர் என்னும் பொருளில்தான் என்று அடுத்த வீட்டு ஆசிரியர் விளக்கினார்.

வாசல் நிலையை நிறுத்தும் நாளன்று தாயார் மஞ்சளும் குங்குமமும் எடுத்து வைத்தார்கள். படிக்கட்டையின் கீழே ஒரு வெள்ளிக் காசு இட வேண்டும் என்றார்கள். ஆசிரியரின் மனைவியும் குங்குமச் சிமிழோடு வந்தார். அவர்கள் படிக்கட்டையை "உம்பர்டா" என்பார்களாம். அவர்களுக்கும் அது பூஜைக்குரியதாம். மாவிலைத் தோரணத்தை யார் கட்டுவது என்பதில் இரண்டு அம்மாள்களுக்கும் ஒரு சிறு போட்டியே நடந்தது. பக்கத்துக்கு மூன்றாக இரும்புப் பிடிகளைச் சுவரில் பதித்து, சுவரைத் தொடும் பக்கத்துக்குத் தார் பூசி, தூக்குநூல் பிடித்து நிலையை நிறுத்தினார் தச்சர். அன்று இரவு நாங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உறங்கினோம்.

அதற்குப் பின் உள் அறைகளின் மூன்று நிலைகளுக்கு மரம் வந்தது. அப்போது வீட்டில் தாயார் மட்டுமே இருந்தார்கள். தச்சர் அவற்றையும் இழைத்துப் பொருத்தினார். ஜன்னல்களுக்குரிய அலுமினியச் சட்டங்களும் வந்து கூடத்தில் சாய்த்து வைக்கப்பட்டன. வேலை முடியப்போகிறது என்ற மகிழ்ச்சியில் இருந்தோம்.

எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் அளவை பாடம் நடந்த சமயம் அது. தச்சரின் அளவு நாடாவை வாங்கிக்கொண்டு வீட்டிலுள்ள பொருள்களையெல்லாம் அளந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நோட்டை எங்களிடம் காட்டினாள். "வாசல் நிலை 4¾, 2¾. அறை நிலை 3¾, 2¼" என்று எழுதியிருந்தது. நாங்கள் மதிப்புத் தாளைத் தேடி எடுத்தோம். நான்கு நிலைகளுக்கும் 5க்கு 3 என்றே அதில் கண்டிருந்தது.

உடனே கணக்குப் போட்டோம். உள் அறை நிலை ஒன்றுக்கு இரண்டு கால்கள் 7 அடி வீதம், மேற்சட்டம் 3½ அடி. ஆக 17½ அடி நீளம். 5க்கு 3 சட்டமானால் 1.82 கன அடி மரம் வேண்டும். 4க்கு 2½ சட்டமானால் 1.22 கன அடி போதும். சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவு. அங்குலக் கணக்கில் பார்த்தால் சிறு வித்தியாசம் போலத் தோன்றும். ஆனால் மூன்று நிலைகளில் குறைந்த மரத்தைச் சேர்த்தால் ஒரு முழு நிலையே செய்துவிடலாம். போதாக்குறைக்கு, அந்தச் சட்டங்களின் ஓரங்களில் வெளிர்மஞ்சளாக ஒரு பட்டை தெரிந்தது. அது தேக்கின் வெளிறு. தேக்கைக் கரையான் தின்னாது என்பது வைரம் பாய்ந்த உள்மரத்துக்கே பொருந்தும், வெளிற்றுக்குப் பொருந்தாது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

அன்றைக்கே கண்ட்ராக்டர் பாக்கி ரூ. 30,000த்தில் ஒரு பகுதி கேட்டு வந்தார். நாங்கள் நாடாவையும் நோட்டையும் தாளையும் அவர் முன் வைத்தோம். அவர் சற்றும் கலங்காமல், "இழைத்தால் மரம் குறையும், சாஹேப். இது உலக வழக்கம்" என்றார்.

அப்போது நாங்கள் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் மனம் உறுத்துகிறது. தச்சர் திண்ணையில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரை உள்ளே அழைத்து, கண்ட்ராக்டர் முன்னிலையிலேயே, "மிஸ்திரி, இழைத்தால் எவ்வளவு குறையும்?" என்று கேட்டோம்.

அவர் உளியைக் கீழே வைத்தார். கண்ட்ராக்டரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "ஒரு பக்கத்துக்கு ஒரு சூத், பாபுஜி. இரண்டு பக்கமும் சேர்த்தால் கால் அங்குலம். வாசலுக்கு வந்த மரம் 5க்கு 3. அறைகளுக்கு என் கைக்கு வந்த மரமே 4க்கு 2½."

நாங்கள் வென்றுவிட்டோம் என்று எண்ணினோம். ஒரு பைசாவும் கொடுக்க முடியாது என்று கண்ட்ராக்டரிடம் உரக்கச் சொன்னோம். அவர், "அப்படியானால் பணம் வரும் வரையில் வேலையும் நடக்காது" என்று கூறித் தச்சரையும் பையனையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் அந்தி வேளையில் தச்சர் மட்டும் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை. திண்ணையில் விட்டுப்போன தம் கருவிப் பெட்டியை எடுத்துச் செல்ல வந்ததாகச் சொன்னார். எங்கள் தாயார் தேநீர் கொடுத்தார்கள். அதைக் குடிக்கும்போது, கேட்ட கேள்விகளுக்கு விடையாகச் சிறிது சிறிதாக விஷயம் வெளிவந்தது. அவருக்கு நாட்கூலி ரூ. 900, பையனுக்கு ரூ. 550. எங்கள் வீட்டில் 11 நாட்கள் வேலை செய்திருக்கிறார்கள். சாப்பாட்டுச் செலவுக்கென்று ரூ. 2,000 மட்டும் கிடைத்திருக்கிறது. மீதியைக் கேட்டதற்கு, "வீட்டுக்காரர் பணத்தை நிறுத்திவிட்டார், நீதானே சாட்சி சொன்னாய், அவரிடமே போய் வாங்கிக்கொள்" என்று கண்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். அவருடைய மற்ற வேலைகளுக்கும் இனி வர வேண்டாம் என்றாராம்.

தச்சர் எங்களிடம் பணம் கேட்கவில்லை. பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நாளை மறுநாள் ஊருக்குப் போகிறோம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். கண்ட்ராக்டர் எங்களை ஏமாற்றியதில் நஷ்டம் ரூ. 6,900. நாங்கள் கோபத்தில் நிறுத்தி வைத்ததோ ரூ. 30,000. அதற்குள் இரண்டு உழைப்பாளிகளின் ரூ. 13,950 அடங்கியிருக்கிறது என்பதை நாங்கள் நினைக்கவே இல்லை. கண்ட்ராக்டரைத் தண்டிப்பதாக எண்ணி, உண்மை சொன்னவரைப் பட்டினி போட்டுவிட்டோம். "நம் நிலையை நிறுத்திக் கொடுத்தவன் வயிறெரிந்து போகலாமா?" என்று தாயார் கேட்டார்கள். அதற்கு எங்களிடம் விடை இல்லை.

அலுவலகத்தில் பார்த்த ஒரு விதி அப்போது நினைவுக்கு வந்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது. கண்ட்ராக்டர் தம் ஆட்களுக்குக் கூலி கொடுக்கத் தவறினால், வேலை கொடுத்த நிறுவனமே அதைக் கொடுத்துவிட்டுக் கண்ட்ராக்டருக்குச் சேர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது அது. எங்கள் வீட்டைப் போன்ற சிறு இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அதிலுள்ள நியாயம் பொருந்தாது என்று யார் சொல்ல முடியும்?

மறுநாள் காலையில் ரயில் நிலையத்துக்கு அருகே தச்சர் தங்கியிருந்த இடத்தைத் தேடிப் போய், ஞாயிறு வரையில் இருக்கும்படி கேட்டுக்கொண்டோம். செலவுக்குச் சிறிது பணமும் கொடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை கண்ட்ராக்டரும் தச்சரும் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். அடுத்த வீட்டு ஆசிரியர் நடுவில் உட்கார்ந்தார்.

கண்ட்ராக்டர் முதலில் கோபித்தார். பிறகு தம் கஷ்டத்தைச் சொன்னார். சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்காரர் வேலை முடிந்த பின் ரூ. 80,000 பாக்கி வைத்துவிட்டாராம். மர வியாபாரிக்கு வட்டி கட்டுகிறாராம். ஒரு வீட்டில் வாங்கிய முன்பணம் முந்திய வீட்டுக் கடனுக்குப் போகிறதாம். அந்த ஆறு நாட்களும் எங்கள் பணம் எங்கே போயிற்று என்பது அப்போது விளங்கிற்று. அவர் பொய் சொல்கிறார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அவருடைய கஷ்டத்தைத் தச்சரின் கூலியில் இறக்கி வைப்பதை ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை.

ஆசிரியர் ஒரு தாளில் கணக்கை எழுதினார். பாக்கி ரூ. 30,000. குறைந்த மரத்துக்குக் கழிவு ரூ. 6,900. தச்சருக்கும் பையனுக்கும் சேர வேண்டிய கூலி ரூ. 13,950; அங்கேயே, அனைவர் முன்னிலையிலும் நாங்கள் கொடுப்பது. மீதமுள்ள 4 நாள் வேலைக்கு அவர்கள் கூலி ரூ. 5,800, அன்றன்று மாலையில் நாங்கள் கொடுப்பது. எஞ்சிய ரூ. 3,350, ஜன்னல்களைப் பொருத்தி, முதல் பெருமழை பெய்து பார்த்த பிறகு கண்ட்ராக்டருக்குக் கொடுப்பது. எங்கள் தெருவில் மேலும் இரண்டு வீடுகளில் கதவு மாற்றும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதை உத்தேசித்தோ என்னவோ, கண்ட்ராக்டர் முணுமுணுத்துக்கொண்டே கையொப்பமிட்டார். பெயர்த்தெடுத்து வேறு நிலை வைக்கச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. வெளிறு தெரிந்த இடங்களுக்குக் கரையான் மருந்து அடித்துக்கொண்டோம்.

அந்த நான்கு நாட்களில் தச்சர் கதவுகளை மாட்டினார். வாசல் கதவுக்கு நான்கு கீல்கள், மற்றவற்றுக்கு மூன்று. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் ஒரு நூல் இடைவெளி விட்டார். கோடையில் காய்ந்த மரத்தை இறுகப் பொருத்தினால் ஆடி மழையில் ஊதிக்கொண்டு கதவு சாத்தாது என்று விளக்கினார். ஜன்னல்களைக் கண்ட்ராக்டரின் வேறு ஆட்கள் வந்து பொருத்தினார்கள். அவை நகரும் கண்ணாடி ஜன்னல்கள். பார்க்க அழகு, ஆனால் எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். கூலர் வைக்கும் ஜன்னலுக்கு இந்த வகை ஆகாது என்பதை நாங்கள் முன்னமே யோசிக்கவில்லை. கூலருக்காக ஒரு ஜன்னலின் கண்ணாடியைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று.

ஜூன் கடைசியில் முதல் பெருமழை வந்தது. கூடத்து ஜன்னலின் கீழ்த் தடத்தில் தண்ணீர் நிறைந்து உள்ளே வழிந்தது. தடத்தில் சேரும் நீர் வெளியேறுவதற்குச் சிறு துளைகள் இருக்க வேண்டும். அவற்றைப் போடாமலே பொருத்திவிட்டார்கள். கண்ட்ராக்டருக்குச் சொல்லி அனுப்பினோம். மறுநாளே ஆளோடு வந்து துளையிட்டு, சந்துகளை அடைத்துக் கொடுத்துவிட்டு, ரூ. 3,350ஐப் பெற்றுச் சென்றார். அந்தத் தொகை எங்கள் கையில் இல்லாதிருந்தால் அவர் மறுநாளே வந்திருப்பாரா என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

தச்சர் ஜூலையில் நாற்று நடவுக்கு ஊருக்குப் போய்விட்டார். போகுமுன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அவருக்கு நேரடியாகவே வேலை வாங்கிக் கொடுத்தோம். மற்றொரு வீட்டார் கண்ட்ராக்டரையே அமர்த்திக்கொண்டார்கள். தீபாவளிக்குப் பின் அவர் வந்தார். மழைக்குப் பிறகு கதவுகளைப் பார்த்துச் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைக் காப்பாற்ற வந்தார். ஓர் அறைக் கதவின் அடியில் மட்டும் சிறிது இழைத்தார். மற்றவை சரியாக இருந்தன. வேலை எப்படி நடக்கிறது என்று விசாரித்தோம். அந்தக் கண்ட்ராக்டர் இன்னும் கூப்பிடவில்லை என்றும், அவருக்கு வேண்டிய இன்னும் இருவரும் கூப்பிடுவதில்லை என்றும் சொன்னார். குறை கூறுவதுபோலச் சொல்லவில்லை. கேட்டதற்காகச் சொன்னார்.

எங்கள் கையில் நாடா இருந்தது; எழுதிய தாள் இருந்தது; கணக்கும் தெரிந்திருந்தது. அவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தனியே கேட்டிருந்தாலும் அதே விடையைச் சொல்லியிருப்பார். கண்ட்ராக்டர் முகத்தெதிரே அவரை நிறுத்திக் கேட்டது எங்கள் கோபத்தின் வேலை. அதற்குரிய விலையை அவர் இன்னும் செலுத்திக்கொண்டிருக்கிறார். தெரிந்தவர்களிடமெல்லாம் அவரைப் பற்றிச் சொல்லி வருகிறோம். அதற்கு மேல் செய்ய எங்களுக்கு வழி தெரியவில்லை.

இந்த வேலையில் இறங்கும் அன்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியவை சில உண்டு. முன்பணம் கால் பங்குக்கு மேல் வேண்டாம். மீதியை முடிந்த வேலையைப் பார்த்துத் தவணையாகக் கொடுங்கள். ஒரு சிறு தொகையை முதல் மழை வரையில் நிறுத்தி வையுங்கள். புது மரம் வீட்டுக்கு வந்து சேராமல் பழைய நிலையைப் பெயர்க்க விடாதீர்கள். ஒவ்வொரு முறை மரம் வரும்போதும் வீட்டில் ஒருவர் நாடாவோடு இருங்கள். இழைப்பதற்கு முன்பே அளந்து, வெளிறு இருக்கிறதா என்று ஓரங்களைப் பாருங்கள். எழுதி வாங்கும் தாளில் மரத்தின் அளவைக் குறிப்பதுபோலவே, வேலையாட்களின் கூலி வாரந்தோறும் வீட்டில் வைத்து, உங்கள் கண்ணெதிரே கொடுக்கப்பட வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு வரியை நாங்கள் எழுதவில்லை. நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து மரம் இழைக்கிறவரும் நம்மைப்போலவே பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்தாம். மாதச் சம்பளம் ஒரு நாள் தாமதமானால் நாம் என்ன பாடுபடுகிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த வரியை எழுத மறக்கமாட்டோம்.